‘ஃப்யூ’வும் ‘எ ஃப்யூ’வும்: ஒற்றை எழுத்தில் பொருள் புரளும் அளவுச்சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செய்தி மொழிபெயர்ப்பு வேலையில் நான் சேர்ந்த முதல் ஆண்டில் ஒருநாள் மாலை, ஆங்கிலச் செய்தி ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி சொன்னார்கள். அதன் முதல் வரி, “ஃப்யூ ஃபார்மர்ஸ் ஹேவ் ரிசீவ்ட் காம்பென்சேஷன்” என்று இருந்தது. ‘விவசாயிகள் சிலருக்கு இழப்பீடு கிடைத்துள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தைப் பார்வையிட்ட மூத்த உதவி ஆசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “தம்பி, காசு கிடைச்சுதுன்னு சொல்றானா, கிடைக்கலைன்னு சொல்றானா?” என்று கேட்டார். மீண்டும் படித்தேன். கீழே இருந்த பத்திகள் முழுவதும் கிடைக்காதவர்களின் புலம்பலாகவே இருந்தன. “கிடைக்கலைன்னுதான் சார்” என்றேன். “அப்புறம் ஏன் கிடைச்ச மாதிரி எழுதியிருக்கே?” என்றார்.

அந்தக் கேள்விக்கான முழு விடையை எழுதிப் பார்க்கும் முயற்சியே இந்த வழிகாட்டி. ‘ஃப்யூ’ என்பதற்கு அகராதி தரும் பொருள் ‘சில’. அது பிழையன்று, ஆனால் பாதி உண்மைதான். ஆங்கிலத்தில் ‘ஃப்யூ’ தனியே நிற்கும்போது அது அளவைச் சொல்லும் சொல்லாகத் தோன்றினாலும், உள்ளுக்குள் ‘இல்லை’ என்பதைச் சுமந்து திரியும் எதிர்மறைச் சொல்லாகவே இயங்குகிறது. அதற்கு முன்னால் ‘எ’ என்னும் ஒற்றை எழுத்து வந்து நின்றுவிட்டால் அந்த ‘இல்லை’ மறைந்து ‘உண்டு’ ஆகிவிடுகிறது. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் பிற விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

முதல் படி: எண்ண முடியுமா, முடியாதா என்று பாருங்கள்

எண்ணத்தக்க பொருள்களுக்கு ‘ஃப்யூ’. எண்ண முடியாத, அளக்க மட்டுமே முடிகிற பொருள்களுக்கு ‘லிட்டில்’. புத்தகங்கள், நாட்கள், மனிதர்கள், தவறுகள் ஆகியவற்றுக்கு ‘ஃப்யூ’ வரும்; தண்ணீர், நேரம், பொறுமை, பணம் ஆகியவற்றுக்கு ‘லிட்டில்’ வரும். ‘ஃப்யூ’வுக்குப் பின் வரும் பெயர் பன்மையில் நிற்க வேண்டும், வினையும் பன்மையாக அமைய வேண்டும். ‘லிட்டில்’ வந்தால் இரண்டுமே ஒருமையில் நிற்கும்.

இது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்பதில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போவதில்லை. தமிழில் ‘சில தகவல்கள்’, ‘சில அறிவுரைகள்’, ‘சில செய்திகள்’ என்று தயக்கமின்றி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘நியூஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’ ஆகிய சொற்கள் எண்ணப்படாதவை. ஆகவே ‘எ ஃப்யூ இன்ஃபர்மேஷன்ஸ்’ என்பதும், நம் ஊர்க் கடைப் பலகைகளில் காணப்படும் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்பதும் பிழையாகவே கருதப்படும். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் ‘எ ஃப்யூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’ என்பதுபோல் நடுவே ஓர் அலகைச் சேர்க்க வேண்டும். பணம் என்னும் ‘மனி’க்கு ‘லிட்டில்’ வரும், ஆனால் ‘ருபீஸ்’ எண்ணத்தக்கது என்பதால் ‘எ ஃப்யூ ருபீஸ்’ சரியே. சோற்றுக்கு ‘எ லிட்டில் ரைஸ்’. அதே சோற்றின் பருக்கைகளுக்கு ‘எ ஃப்யூ கிரெயின்ஸ் ஆஃப் ரைஸ்’.

‘லிட்டில்’ பற்றி ஓர் எச்சரிக்கை. அது ‘சிறிய’ என்னும் பொருளிலும் வருவதால், எண்ணத்தக்க பெயருக்கு முன் அதைப் போட்டால் அளவு தொலைந்து உருவம் வந்துவிடும். ‘லிட்டில் ஃப்ரெண்ட்ஸ்’ என்பது நண்பர்கள் குறைவு என்று பொருள்படாது. குட்டி நண்பர்கள் என்றே பொருள்படும்.

இரண்டாம் படி: முன்னால் ‘எ’ இருக்கிறதா என்று பாருங்கள்

இதுவே முழு விஷயத்தின் அச்சாணி என்பதால் இங்கே சற்று நேரம் நிற்கலாம்.

இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். “எ ஃப்யூ பீப்பிள் கேம்” என்றால், ‘சிலர் வந்தார்கள்’. பேசுபவரின் கண் வந்தவர்கள்மேல் இருக்கிறது. “ஃப்யூ பீப்பிள் கேம்” என்றால், ‘சிலர்தான் வந்தார்கள்’, ‘அதிகம் பேர் வரவில்லை’. பேசுபவரின் கண் காலியாகக் கிடந்த நாற்காலிகள்மேல் இருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்கும் வந்தவர்கள் அதே பன்னிரண்டு பேராகவே இருக்கலாம். மாறுவது பார்வை மட்டுமே.

‘எ’ வந்தால் நல்ல பொருள், வராவிட்டால் கெட்ட பொருள் என்று சிலர் கற்பிப்பதுண்டு. அது முழுக்கச் சரியன்று. ‘எ’ சொல்வது இருப்பை; நன்மையை அன்று. “தேர் இஸ் எ லிட்டில் பாய்சன் இன் இட்” என்றால் அதில் கொஞ்சம் விஷம் இருக்கிறது. அதைக் குடிக்கக் கூடாது. விஷம் இருப்பது யாருக்கும் நல்ல செய்தியாக இருக்க முடியாது. ஆனாலும் ‘எ’ வருகிறது, ஏனெனில் சொல்லவேண்டியது ‘இருக்கிறது’ என்பதே.

தனி ‘ஃப்யூ’ உண்மையிலேயே எதிர்மறைதானா என்ற ஐயம் இருந்தால், ஆங்கில இலக்கணத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பள்ளியில் படித்த ‘கொஸ்டின் டேக்’ நினைவிருக்கலாம்: உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை வால், எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்பாட்டு வால். “எ ஃப்யூ பீப்பிள் கேம், டிடின்ட் தே?” என்பதில் வால் எதிர்மறையாக நிற்பதால் தலை உடன்பாடு என்று தெரிகிறது. “ஃப்யூ பீப்பிள் கேம், டிட் தே?” என்பதிலோ வாலில் ‘நாட்’ இல்லை. அதாவது ‘நாட்’ என்ற சொல்லே இல்லாத ஒரு வாக்கியத்தை ஆங்கில இலக்கணம் எதிர்மறை வாக்கியமாகக் கணக்கில் வைக்கிறது. எதிர்மறை வாக்கியங்களில் இயல்பாகத் தங்கும் ‘எனி’, ‘எவர்’ போன்ற சொற்களும் தனி ‘ஃப்யூ’வுடன் தாராளமாகச் சேர்கின்றன. “ஃப்யூ பீப்பிள் எவர் கோ தேர்” சரி. அங்கே ‘எ’ சேர்த்தால் வாக்கியம் இடறும். ‘லிட்டில்’ இன்னும் ஒரு படி மேலே போய், வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொண்டு எழுவாயையும் துணைவினையையும் இடம் மாற்றிவிடும்: “லிட்டில் டிட் ஐ நோ” என்றால் ‘நான் சற்றும் அறியவில்லை’ என்பதே பொருள், ‘கொஞ்சம் அறிந்திருந்தேன்’ என்று அதைப் பெயர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பள்ளியில் படித்தவர்களுக்கு இதற்கு ஓர் ஆயத்த உதாரணம் வாயிலேயே இருக்கிறது. ‘டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்’ பாடத்தில், “வெரி ஃப்யூ சிட்டீஸ் இன் இண்டியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை” என்று பாசிட்டிவ் டிகிரியை எழுதி, அதையே “சென்னை இஸ் ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் சிட்டீஸ்” என்று சூப்பர்லேட்டிவ் ஆக்கி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். ‘வெரி ஃப்யூ’ என்று தொடங்கினால் விடை வரும் என்று மனப்பாடம் செய்தோமே தவிர, அது ஏன் வருகிறது என்று யோசிக்கவில்லை. சென்னை அளவுக்குப் பெரிய நகரங்கள் இல்லை எனலாம் என்று சொல்வதால்தான் சென்னை மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாகிறது. அந்த இடத்தில் ‘எ ஃப்யூ’ போட்டால், சென்னைக்குச் சமமாக வேறு சில நகரங்களும் உண்டு என்று பொருளாகி, மாற்றி எழுதும் வேலையே குலைந்துபோகும்.

மூன்றாம் படி: ‘ஒரு சில’ என்னும் கண்ணியில் சிக்காதீர்கள்

‘எ’ என்றால் ‘ஒரு’, ‘ஃப்யூ’ என்றால் ‘சில’, ஆகவே ‘எ ஃப்யூ’ என்றால் ‘ஒரு சில’ என்று கூட்டல் கணக்குப் போடுவது இயல்பே. விடை சில இடங்களில் பொருந்தவும் செய்யும். ஆனால் தமிழில் ‘ஒரு’ செய்யும் வேலையும் ஆங்கிலத்தில் ‘எ’ செய்யும் வேலையும் வேறு. நாம் ‘ஒரு பத்துப் பேர்’ என்றால் பத்தை உறுதி செய்வதில்லை, பத்தைத் தளர்த்துகிறோம். அதே வழியில் ‘ஒரு சில’ என்பது பல இடங்களில் சிலவற்றை இன்னும் சுருக்கிக் காட்டுகிறது. “ஒரு சிலர் செய்யும் தவறுக்கு எல்லோரையும் குறை சொல்லாதீர்கள்” என்னும்போது, அந்த ‘ஒரு சிலர்’ எண்ணிக்கையில் அற்பம் என்று உணர்த்துவதே நோக்கம். ஆங்கில ‘எ’ இருப்பை உயர்த்துகிறது; தமிழ் ‘ஒரு’ அளவைத் தளர்த்துகிறது. ‘எ ஃப்யூ’வுக்கு வெறும் ‘சில’ போதும்.

தனி ‘ஃப்யூ’வுக்கோ தமிழில் தனிச் சொல்லைத் தேடுவது வீண். அதன் இணை நம்மிடம் சொல்லாக இல்லை. ஒட்டாகவும் வினையாகவும் இருக்கிறது. ‘சிலரே வந்தனர்’ என்பதில் ஏகாரம் அந்த வேலையைச் செய்கிறது. ‘சிலர்தான் வந்தார்கள்’ என்பதில் ‘தான்’ செய்கிறது. ‘அதிகம் பேர் வரவில்லை’ என்பதில் வினையே எதிர்மறையாகி விடுகிறது. பழந்தமிழில் ‘சில’ என்னும் சொல் தனித்தே இந்த வேலையைச் செய்திருக்கிறது. நாலடியாரின் ‘கல்வி கரையில கற்பவர் நாள்சில’ என்னும் வரியில், கற்பவருக்குச் சில நாட்கள் உண்டு என்று யாரும் பொருள் கொள்வதில்லை; கல்விக்குக் கரை இல்லை, கற்பவருக்கோ நாள் போதாது என்றே கொள்கிறோம். ‘சில’ பயனிலையாக வந்து வாக்கியத்தை முடித்து வைக்கும்போது அதற்கு அந்தக் கனம் கிடைக்கிறது. இன்று பெயருக்கு முன் அடையாக வரும் ‘சில’வுக்கு அந்தக் கனம் இல்லை. ஆகவேதான் என் இழப்பீட்டுச் செய்தி தலைகீழானது. ‘விவசாயிகளில் வெகு சிலருக்கே இழப்பீடு கிடைத்துள்ளது’ என்றோ, ‘பெரும்பாலான விவசாயிகளுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை’ என்றோ அதை எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது வடிவமே செய்திக்கு ஏற்றது என்பது என் கருத்து. தமிழ் வாசகர் வினையைக் கொண்டுதான் செய்தியின் திசையை அறிகிறார்.

நான்காம் படி: நாம் எழுதும் ஆங்கிலத்தில் ‘எ’ உதிர்ந்துவிடாமல் பாருங்கள்

இதுவரை சொன்னது படிப்பவருக்கு. எழுதுபவருக்கு ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. இந்திய ஆங்கிலத்தில் ‘எ ஃப்யூ’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எ’ உதிர்ந்துபோவது மிகவும் பரவலானது. “ஐ ஹேவ் ஃப்யூ டவுட்ஸ்” என்று மின்னஞ்சல் தொடங்கும். எழுதியவர் கேட்க நினைத்தது நாலைந்து கேள்விகள். வெளிநாட்டில் இருந்து அதைப் படிப்பவருக்கு, ‘எனக்கு ஐயங்கள் அநேகமாக இல்லை’ என்று பொருள்படும். அதற்குக் கீழே ஏழு கேள்விகள் வரிசையாக நிற்கும். வேலைக்கான நேர்காணலில், “ஐ ஹேவ் ஃப்யூ அச்சீவ்மென்ட்ஸ்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், தன்னிடம் சாதனை என்று சொல்ல அதிகம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். “ஃப்யூ டேஸ் பேக்” என்பதும் இந்த வகையே. “எ ஃப்யூ டேஸ் எகோ” என்பதே திருத்தமான வடிவம்.

இது உதிர்வதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. தமிழில் ‘ஆர்ட்டிகிள்’ என்னும் சொல்வகையே இல்லை. போதாக்குறைக்கு, பேச்சில் ஆங்கிலேயர் இந்த ‘எ’யை எகரமாகவும் ஒலிப்பதில்லை, அகரமாகவும் ஒலிப்பதில்லை, இரண்டுக்கும் நடுவே மங்கலான ஓர் ஒலியாக விழுங்கிவிடுகிறார்கள். நம் காதில் ‘ஃப்யூ’ மட்டும் விழுகிறது. காதில் விழுந்தது கையில் வருகிறது. எழுதி முடித்தபின் ஒருமுறை ‘ஃப்யூ’வை மட்டும் தேடி, ஒவ்வொரு இடத்திலும் ‘சம்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘சம்’ பொருந்தினால் அங்கே ‘எ ஃப்யூ’ வேண்டும். ‘நாட் மெனி’ பொருந்தினால் தனி ‘ஃப்யூ’ நிற்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனி ‘ஃப்யூ’ எழுத்து வழக்குக்கு உரியது, சற்று விறைப்பானது. இயல்பான பேச்சில் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் ‘நாட் மெனி’, ‘ஒன்லி எ ஃப்யூ’, ‘ஹார்ட்லி எனி’ என்றே பெரும்பாலும் சொல்வார்கள். இவற்றுள் ‘ஒன்லி எ ஃப்யூ’ கவனிக்கத்தக்கது: ‘எ’ இருந்தும் ‘ஒன்லி’ அதைக் கீழே இழுத்துவிடுவதால், பொருள் கிட்டத்தட்டத் தனி ‘ஃப்யூ’வுக்கே வந்து சேருகிறது.

ஐந்தாம் படி: ‘எ’ வர முடியாத இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேலே சொன்னதை இயந்திரத்தனமாகப் பின்பற்றினால் ஓர் இடத்தில் சறுக்கும். “எவ்ரி ஃப்யூ டேஸ்”, “த லாஸ்ட் ஃப்யூ வீக்ஸ்”, “த நெக்ஸ்ட் ஃப்யூ மினிட்ஸ்”, “தீஸ் ஃப்யூ லைன்ஸ்” ஆகிய தொடர்களில் ‘எ’ இல்லை. ஆனால் எதிர்மறையும் இல்லை. காரணம் எளிது: ‘எவ்ரி’, ‘த’, ‘தீஸ்’ ஆகியவை ‘எ’ உட்காரும் அதே இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன. இருக்கை காலியாக இருந்தால்தான் ‘இல்லை’ என்ற பொருள் பிறக்கும். ஆகவே இவற்றை முறையே ‘சில நாட்களுக்கு ஒருமுறை’, ‘கடந்த சில வாரங்களாக’, ‘அடுத்த சில நிமிடங்களில்’, ‘இந்தச் சில வரிகள்’ என்று கவலையின்றிப் பெயர்க்கலாம்.

‘த ஃப்யூ’ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டியது. “த ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் ஐ ஹேட்” என்றால் ‘எனக்கு இருந்ததே சில நண்பர்கள், அவர்கள் எல்லோரும்’ என்று இரண்டு செய்திகள் ஒன்றாக வருகின்றன: குறைவு என்பது ஒன்று, அந்தக் குறைவானவர்கள் ஒருவர் விடாமல் என்பது மற்றொன்று. ‘இருந்த ஒன்றிரண்டு நண்பர்களும்’ என்னும் தமிழில் உம்மை இதே வேலையைச் செய்கிறது. பிரிட்டனில் ‘த ஃப்யூ’ என்று பெரிய எழுத்தில் எழுதினால் அது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் பெயர். 1940 ஆகஸ்ட் 20 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில், இவ்வளவு பேர் இவ்வளவு சிலருக்கு இவ்வளவு பெரிய கடன்பட்டது போர் வரலாற்றிலேயே இல்லை என்ற கருத்தில் ‘ஸோ ஃப்யூ’ என்று முடித்தார். அவர் குறித்தது ஜெர்மானிய விமானப்படையை எதிர்த்துப் பறந்த வீரர்களை. ஏறக்குறைய 3,000 பேர். அன்றிலிருந்து அவர்கள் ‘த ஃப்யூ’ ஆனார்கள். குறைவு என்பதே பெருமையாக மாறிய இடம் அது.

‘ஒன் ஆஃப் த ஃப்யூ’ என்பதும் பெருமைக்கே பெரும்பாலும் வரும். இன்றும் பேச்சில் வாழும் மிகச் சில செம்மொழிகளுள் தமிழும் ஒன்று என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் இந்தத் தொடர்தான் கைகொடுக்கும். ‘ஆஃப்’ வரும்போது அதற்குப் பின் ‘த’, ‘மை’, ‘தெம்’ போன்ற ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘எ ஃப்யூ ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ்’ சரி, ‘எ ஃப்யூ ஸ்டூடன்ட்ஸ்’ சரி. ‘எ ஃப்யூ ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ பிழை.

ஆறாம் படி: முன்னொட்டு சேர்ந்தால் அளவு பெருகும்

‘க்வைட் எ ஃப்யூ’ என்பதைக் கேட்டு ஏமாறாதவர் அரிது. ‘க்வைட்’ என்றால் ‘மிகவும்’, ‘எ ஃப்யூ’ என்றால் ‘சில’, ஆக ‘மிகச் சில’ என்று கணக்குப் போட்டால் விடை நேர் எதிராகிவிடும். அதன் பொருள் ‘கணிசமான’, ‘பலர்’, ‘நிறையப் பேர்’. “க்வைட் எ ஃப்யூ பீப்பிள் கம்ப்ளெயின்ட்” என்று ஒரு செய்தி வந்தால், புகார்கள் குவிந்திருக்கின்றன. ‘எ குட் ஃப்யூ’ என்பதும் ‘எ ஃபேர் ஃப்யூ’ என்பதும் பிரிட்டிஷ் வழக்கில் இதே பொருளில் வருபவை. ‘நாட் எ ஃப்யூ’ என்பதும் அப்படியே.

இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் நாமும் இதையே செய்கிறோம். “அவன் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல” என்கிறோம். “கொஞ்சமா நஞ்சமா, மூணு லட்சம்!” என்கிறோம். சிறிய அளவைச் சொல்லி, அதை மறுத்து, பெரிய அளவைக் காட்டும் உத்தி இரு மொழிகளுக்கும் பொது. ‘நாட் எ ஃப்யூ’வைப் பார்த்தால் ‘கொஞ்சநஞ்சமல்ல’ என்று மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள், தவறு வராது.

எதிர்த் திசையில் ‘வெரி ஃப்யூ’, ‘டூ ஃப்யூ’, ‘ப்ரெஷஸ் ஃப்யூ’ ஆகியவை குறைவை மேலும் குறைப்பவை. இவற்றுடன் ‘எ’ பெரும்பாலும் சேராது. ‘ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன்’ என்பதற்கு ‘அத்தி பூத்தாற்போல்’ என்று எழுதலாம். அகராதியில் ‘அரிதாக’ என்றிருக்கும். அது உப்பில்லாப் பண்டம்.

ஏழாம் படி: ‘எ ஃப்யூ’ என்றால் எத்தனை?

ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லி மாணவர்கள் கேட்பார்கள். அப்படி ஓர் எண் இல்லை. ‘எ கப்பிள்’ என்றால் பெரும்பாலும் இரண்டு; ‘செவரல்’ என்றால் ‘எ ஃப்யூ’வைவிடச் சற்று மேல்; இடையில் ‘எ ஃப்யூ’ உலவுகிறது. அதன் அளவை முடிவு செய்வது எதிர்பார்ப்பு. வீட்டுக்கு ‘எ ஃப்யூ கெஸ்ட்ஸ்’ வருகிறார்கள் என்றால் மூன்று முதல் ஆறு பேருக்கு உலை வைக்கலாம். கல்யாண மண்டபத்தில் ‘எ ஃப்யூ’ என்பது முப்பதாகவும் இருக்கலாம். விண்மீன்களைப் பற்றிப் பேசும்போது ‘எ ஃப்யூ மில்லியன் இயர்ஸ்’ என்பது வெகு சாதாரணம்.

இங்கே தமிழ் கையாளும் வழி அழகானது, ஆங்கிலத்தில் இவ்வளவு பரவலாக இல்லாதது. நாம் தெளிவின்மையைத் தெளிவான எண்ணால் சொல்கிறோம். ‘நாலு பேருக்குத் தெரிய வேண்டும்’, ‘நாலு காசு பார்க்க வேண்டும்’, ‘ரெண்டு நாளில் வருகிறேன்’ என்னும்போது அந்த நாலும் நாலல்ல, ரெண்டும் ரெண்டல்ல. ஓரிரு, இரண்டொரு, ஒன்றிரண்டு, நாலைந்து, ஏழெட்டு என்று ஒரு படிவரிசையே நம்மிடம் இருக்கிறது. ஆகவே ‘எ ஃப்யூ டேஸ்’ என்பதை எல்லா இடத்திலும் ‘சில நாட்கள்’ என்று எழுத வேண்டியதில்லை. மருத்துவர் நோயாளியிடம் சொன்னால் ‘ஓரிரு நாளில்’. ஒப்பந்தக்காரர் வீட்டுக்காரரிடம் சொன்னால் ‘நாலைந்து நாளில்’. பின்னதை நம்புவதும் நம்பாததும் கேட்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

எட்டாம் படி: ‘ஃப்யூவர்’ எங்கே, ‘லெஸ்’ எங்கே?

ஒப்பீட்டுக்கு வரும்போது ‘ஃப்யூ’, ‘ஃப்யூவர்’ ஆகிறது. ‘லிட்டில்’, ‘லெஸ்’ ஆகிறது. எண்ணத்தக்கவற்றுக்கு முன்னது, எண்ணவியலாதவற்றுக்குப் பின்னது என்பது பாடநூல் விதி. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இதைக் கடைப்பிடிப்பதே நல்லது. ஆனால் இந்த விதியின் வயதைத் தெரிந்துகொண்டால், பிறர் மீறும்போது பதற்றம் வராது. கி.பி. 888 வாக்கில் ஆல்ஃபிரட் மன்னர் எழுதிய பழைய ஆங்கிலத்திலேயே, குறைந்த சொற்களால் என்று சொல்ல ‘லெஸ்’ஸின் மூதாதையான ‘லாஸ்’ என்ற சொல் வந்திருக்கிறது, சொற்கள் எண்ணத்தக்கவை. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது ‘ஃப்யூவர்’ இன்னும் நன்றாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். ஒருவரின் விருப்பம் பின்னால் வந்தவர்களின் கையில் சட்டமாக இறுகியது.

அந்தச் சட்டத்தால் பிரிட்டனில் கடைகளுக்கும் தொல்லை வந்தது. குறைந்த பொருள் வாங்குபவர்களுக்கான விரைவு வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று எழுதி வைத்திருந்த டெஸ்கோ நிறுவனம், இலக்கணக்காரர்களின் முணுமுணுப்புக்குப் பிறகு 2008-இல் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று பலகையை மாற்றியது. ‘லெஸ்’ஸும் வேண்டாம், ‘ஃப்யூவர்’உம் வேண்டாம் என்று நழுவிய அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும்.

விதியைப் பின்பற்றுபவர்களும் ‘லெஸ்’ போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. தொலைவு, காலம், பணம், எடை ஆகியவற்றை எண்களோடு சொன்னாலும், அவற்றை ஒரே அளவாகவே ஆங்கிலம் கருதுகிறது. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு ‘லெஸ் தேன் சிக்ஸ்டி கிலோமீட்டர்ஸ்’ என்றே சொல்ல வேண்டும். அறுபது தனித்தனிக் கிலோமீட்டர்களை யாரும் எண்ணுவதில்லை. ‘லெஸ் தேன் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’, ‘லெஸ் தேன் த்ரீ வீக்ஸ்’ என்பனவும் அப்படியே. நம் ஊர் வழக்கான ‘லெஸ் நம்பர் ஆஃப் பீப்பிள்’ மட்டும் வேண்டாம். ‘ஃப்யூவர் பீப்பிள்’ என்றால் முடிந்தது.

கொசுறாக ஒரு சொல்வரலாறு

‘ஃப்யூ’ பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேயவெ’ என்று இருந்தது. லத்தீன் ‘பாவ்கஸ்’ அதன் தூரத்து உறவு. அந்த லத்தீனிலிருந்துதான் பிரெஞ்சு ‘பெ’, ஸ்பானிய ‘போக்கோ’, ஆங்கிலத்தில் பற்றாக்குறையைக் குறிக்கும் ‘பாசிட்டி’ எல்லாம் வந்தன. லத்தீனில் பகரமாக நிற்பது ஆங்கிலத்தில் ‘ஃப’ ஆவது 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒலிமாற்றம். நமக்கு வடமொழி வழி வந்த ‘பிதா’ அங்கே ‘ஃபாதர்’ ஆவதும், ‘பாதம்’ அங்கே ‘ஃபுட்’ ஆவதும் இதே மாற்றத்தால்தான்.

கடைசிப் படி: கையால் செய்து பாருங்கள்

ஆங்கில நாளிதழ் ஒன்றை எடுத்து, ‘ஃப்யூ’ வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். “ஃப்யூ வுட் டிஸக்ரீ” என்று தலையங்கத்தில் இருந்தால், ‘சிலர் மறுப்பார்கள்’ என்று கை எழுதத் துடிக்கும். எழுத வேண்டியது ‘இதை மறுப்பவர் அரிது’. “லிட்டில் ஹேஸ் சேஞ்ச்ட்” என்று இருந்தால், ‘கொஞ்சம் மாறியிருக்கிறது’ அன்று. ‘பெரிதாக எதுவும் மாறவில்லை’. “எ லிட்டில் ஹேஸ் சேஞ்ச்ட்” என்றால்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

இவை கைவந்தபின் இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழாக்குங்கள்: “ஹி இஸ் எ மேன் ஆஃப் ஃப்யூ வேர்ட்ஸ், பட் தே ஆஸ்க்ட் ஹிம் டு ஸே எ ஃப்யூ வேர்ட்ஸ்.” முதலில் வரும் ‘எ’ மனிதருக்கு உரியது, ‘ஃப்யூ’வுக்கு உரியதன்று என்பதைக் கவனியுங்கள். என் விடை: அவர் அளந்து பேசுபவர், அவரைப் போய் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார்கள்.